கடலோரத்தில் எதைக் காப்பது, எதை மீட்பது, எங்கே நடுவது?

பருவநிலை மாற்றத்தையும் உயிரின அழிவையும் ஒரே வேலையால் எதிர்கொள்ளக்கூடிய இடங்கள் பூமியில் அதிகம் இல்லை. கடலோரம் அப்படி ஓர் இடம். அலையாத்திக் காடுகள், கடல்புல் வெளிகள், உவர்ச் சதுப்புகள் மூன்றும் கார்பனைச் சேற்றுக்குள் புதைத்து வைக்கின்றன. அதே சேற்றிலும் வேர்களின் இடுக்கிலும்தான் மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன, பறவைகள் இரை தேடுகின்றன. 2009-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இதற்கு 'நீலக் கார்பன்' என்ற பெயர் வந்தது. அப்போதிலிருந்து அரசுகளும் அறக்கட்டளைகளும், தங்கள் உமிழ்வுக்கு ஈடாகக் கார்பன் சேமிப்புச் சான்றுகளான கார்பன் கிரெடிட்களை வாங்கும் நிறுவனங்களும் கடலோரத்தின் பக்கம் திரும்பியிருக்கின்றன.

பணம் வருவது நல்லதுதான். அதை எதில் போடுவது என்பதில்தான் சிக்கல். இருக்கும் காட்டைக் காவல் காக்கலாம். செத்துப்போன காட்டில் தண்ணீர் ஓட்டத்தைச் சரிசெய்யலாம். வெற்றுச் சேற்றில் கன்று நடலாம். கடல்புல் விதைக்கலாம். கரையை உடைத்து நிலத்தைக் கடலிடமே திருப்பிக் கொடுக்கலாம். எல்லாமே நல்ல காரியமாகத்தான் தெரியும். ஆனால் இவை ஒரே அளவு பலன் தருவதில்லை. சில வேலைகள் கார்பன் கணக்கைக் கூட்டிக் காட்டிவிட்டு உயிர்களின் இடத்தைப் பறித்துவிடுகின்றன. ஒரு கடற்கரைக்குப் பொறுப்பில் இருப்பவர்கள், அதற்கு நிதி தருபவர்கள், அதை நம்பி வாழ்பவர்கள் என்று யார் முடிவெடுத்தாலும், இந்த வேறுபாடு தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி, கடலையும் பனிப்பகுதிகளையும் பற்றி 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், கடலோரத் தாவரச் சூழல்களை மீட்பதால் உலகின் ஆண்டு உமிழ்வில் ஏறத்தாழ 0.5 சதவீதத்தை ஈடுகட்டலாம் என்று கணக்கிட்டது. 2021-ல் வந்த ஓர் ஆய்வு, பெரிய அளவில் மீட்டால் அது 3 சதவீதம் வரை போகலாம் என்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நிலக்கரியையும் எண்ணெயையும் குறைக்கும் வேலைக்கு இது மாற்று இல்லை. கடலோரத்தை 'உலகைக் காப்பாற்றும் கார்பன் தொட்டி' என்று விற்பவர்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம் எதற்காக இதில் இறங்க வேண்டும் என்றால், கடலோரம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில், முன்னால் அகலமான அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. கார்பன், மீன்வளம், புயல் காப்பு, பறவை என்று தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரியும். ஒரே நிலம் இத்தனையையும் தருகிறது என்பதுதான் இதன் பலம். அதனால் ஒப்பிடும்போது கார்பனை மட்டும் எடை போட்டால் கணக்கு தவறிவிடும்.

இருப்பதைக் காப்பது

என் கணிப்பில் முதல் பணம் போகவேண்டிய இடம் இது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

இந்தோ-பசிபிக் பகுதியின் அலையாத்திக் காடுகளை அளந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. ஒரு ஹெக்டேரில் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கார்பன் இருப்பதை அது கண்டது. பல இடங்களில் அதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில் இருந்தது. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், வந்துபோகும் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. விழுந்த இலையும் செத்த வேரும் அங்கே முழுதாக அழுகுவதில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று நூற்றாண்டுக் கணக்கில் படிந்து சேர்ந்த இருப்பு அது. காட்டை வெட்டி இறால் குளம் தோண்டினால், அந்தச் சேறு காற்றுப் பட்டு அழுகத் தொடங்கும், கார்பன் வெளியேறும். வெப்பமண்டலக் காடுகளின் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத அலையாத்திகள், காடழிப்பால் வரும் உமிழ்வில் 10 சதவீதம் வரை பங்கு வகிக்கலாம் என்று அதே ஆய்வு சொன்னது.

மறுபடி நட்டால் சரியாகிவிடாதா? மரம் சில பத்தாண்டுகளில் வளர்ந்துவிடும். மண்ணிலிருந்து போனது நம் ஆயுளில் திரும்பாது. உயிர்களின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். முதிர்ந்த காட்டில் பல வயது மரங்கள், பொந்துகள், ஓடைகள், வேர்மேல் ஒட்டிய சிப்பிகள் எல்லாம் உண்டு. ஒரே வயதுக் கன்றுகள் வரிசையாக நிற்கும் தோட்டத்தில் அவை வர நெடுங்காலம் ஆகும். ஆக, காப்பதில் மட்டும் பருவநிலையின் நலனும் உயிரினங்களின் நலனும் எங்கேயும் மோதுவதில்லை.

கடல்புல்லுக்கும் இது பொருந்தும். 2010–11 கோடையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் கடல் வெப்ப அலை ஒன்று வந்தது. அங்கிருந்த கடல்புல் வெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டது. அடுத்து வந்த மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். புல் போனதும் அது பிடித்து வைத்திருந்த மண் கலைந்துவிட்டது. உள்ளூரில் எவ்வளவு காவல் போட்டாலும் வெப்ப அலையைத் தடுக்க முடியாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கழிவுநீரும் நங்கூரச் சிதைவும் இல்லாத ஆரோக்கியமான வெளிக்கு மீண்டு வரும் வலு அதிகம் என்பதுதான் காவலுக்கான நியாயம்.

அலையாத்தி அழிப்பு முன்பைவிட இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதில் சிறு பங்குதான். ஆனாலும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயூசிஎன் 2024-ல் செய்த மதிப்பீட்டில், உலகின் அலையாத்திச் சூழல்களில் பாதி குலைந்துபோகும் அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது. ஆகவே 'இருக்கும் காடு எங்கே போகப்போகிறது' என்ற நிம்மதிக்கு இடமில்லை.

பிறகு ஏன் பணம் இதற்கு முதலில் வருவதில்லை? கார்பன் சந்தையில், அழியப்போகும் காட்டைக் காத்தோம் என்று நிரூபித்தால்தான் கிரெடிட் கிடைக்கும். நன்றாகப் பராமரிக்கப்பட்ட காட்டுக்கு அபாயம் இல்லை, அதனால் வரவும் இல்லை. காலம் காலமாக ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட மக்களுக்கு இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன். நிதி தருபவர்கள் தங்கள் பணத்தில் ஒரு பகுதியையாவது கார்பன் கணக்குக்கு வெளியே வைத்து, இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

கென்யாவின் காசி விரிகுடாவில் 2013-லிருந்து நடக்கும் மிகோகோ பமோஜா திட்டம் சிறியது, 117 ஹெக்டேர்தான். ஊர்மக்களே நடத்துகிறார்கள். பெரும்பகுதி வேலை இருக்கும் காட்டைக் காப்பது, கூடவே கொஞ்சம் நடவு. கிரெடிட் விற்று வரும் பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. காட்டைக் காப்பதால் தங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அந்த ஊரில் யாரும் சொல்ல முடியும். காவல் நிலைக்க அது போதுமான காரணம். வேலியும் காவலரும் மட்டும் இருந்து, விறகுக்கும் மீனுக்கும் அதை நம்பியிருந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டால் அந்தக் காவல் நிற்காது.

ஒரு எச்சரிக்கை. கடலோரக் காட்டைக் காப்பது என்றால் கடலோரத்தை மட்டும் பார்ப்பது இல்லை. மேலே ஆற்றில் அணை கட்டி வண்டலையும் நன்னீரையும் நிறுத்திவிட்டால், ஒரு மரத்தைக்கூட யாரும் வெட்டாமலேயே காடு மெலிந்துபோகும்.

கன்று நடுவதா, தண்ணீரைத் திறப்பதா

அழிந்துபோன அலையாத்திக் காட்டை மீட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த நடவு. இன்னொன்று, காடு ஏன் செத்தது என்று கண்டுபிடித்து, ஓதநீர் வந்துபோகும் பாதையைச் சரிசெய்துவிட்டு, விதை தானாக வந்து முளைக்க விடுவது. இந்த இரண்டையும் ஒப்பிடும்போது கிடைக்கும் சான்றுகள் தெளிவானவை, வருத்தம் தருபவையும்கூட.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் நடந்த நடவுகளை ஆராய்ந்தபோது, 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேர் சொச்சம்தான் தேறியது. பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக நடந்த பெரிய நடவுத் திட்டங்களிலும் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான் என்று 2008-ல் வந்த ஆய்வு சொன்னது. நட்டவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. இடுப்பளவு சேற்றில் நின்று நட்டிருக்கிறார்கள். தவறு இடத்திலும் இனத்திலும் இருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. அலையாத்தி மரங்கள் ஓதம் ஏறும் பகுதியின் மேல் பாதியில் வளர்பவை. நாளில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே இருந்தால்தான் வேர் மூச்சுவிடும். அந்த மேல் பாதியில்தான் இப்போது இறால் குளங்களும் உப்பளங்களும் குடியிருப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கு உரிமையாளர்களோ குத்தகைதாரர்களோ உண்டு. யாருக்கும் சொந்தமில்லாமல், தகராறு இல்லாமல் கிடைப்பது கீழே இருக்கும் சேற்றுவெளி. ஆகவே அங்கே நடுகிறார்கள். நடுவதும் பெரும்பாலும் ரைசோபோரா எனும் சுரபுன்னை வகை. அதன் நீண்ட விதைத்தண்டைப் பொறுக்கிச் சேற்றில் குத்தினால் போதும், நாற்றங்கால் வேலை குறைவு. ஆனால் கடலை நேராகப் பார்க்கும் ஓரத்தில் பிலிப்பைன்ஸில் இயற்கையாக முளைப்பவை அவிசென்னியா, சொனரேசியா என்ற வேறு அலையாத்தி வகைகள். தவறான மரம் தவறான உயரத்தில் நிற்கிறது. அலை அடிக்கிறது, கொட்டலசு என்ற ஓட்டுயிர் தண்டில் ஒட்டுகிறது, கன்று சாகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி நடுகிறார்கள்.

மறுவழிக்கு வருவோம். ராபின் லூயிஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஃப்ளோரிடாவில் இந்த முறையைப் பல ஆண்டுகள் செய்து காட்டினார். பக்கத்தில் நன்றாக இருக்கும் காட்டின் தரைமட்டத்தை அளந்து, கெட்ட இடத்தின் மட்டத்தை அதற்கு ஏற்பச் சரிசெய்து, ஓடைகளை வெட்டி ஓதத்தை உள்ளே விட வேண்டும். தாய்மரங்கள் அருகில் இருந்தால் விதை மிதந்து வந்துவிடும். எந்த மரம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று மரங்களே முடிவு செய்துகொள்ளும். நட்டு வைத்த ஒற்றை இனத் தோட்டத்துக்கும் இப்படி வந்த காட்டுக்கும் உயிர்வளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

கொலம்பியாவின் சியெனாகா கிராண்டே டி சாந்தா மார்த்தா கழிமுகத்தில் 1950-களில் கடலோரமாக நெடுஞ்சாலை போட்டார்கள். கடலுக்கும் காயலுக்கும் இடையே தண்ணீர் போய்வந்த வழிகள் அடைபட்டன. ஆற்றிலிருந்து வந்த நன்னீரும் திசைமாறியது. மண்ணில் உப்பு கடல்நீரைவிட அதிகமாக ஏறி, காட்டின் பெரும்பகுதி நின்ற நிலையிலேயே செத்தது. 1990-களில் நன்னீர்க் கால்வாய்களைத் திறந்ததும் உப்பு இறங்கி, காடு பரவலாகத் தளிர்த்தது. அதன்பின் கால்வாய்கள் தூர்ந்தபோது சில பகுதிகள் மறுபடி கெட்டன. தண்ணீர்தான் காட்டை ஆள்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அதோடு, இந்த வழிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதையும் அது காட்டுகிறது.

தண்ணீரைத் திறக்கும் முறை எங்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியாவின் தேமாக் கடற்கரையில் மூங்கில், சுள்ளித் தடுப்புகளை அமைத்து வண்டலைப் பிடித்து, காடு தானாக வரும்படி செய்தார்கள். யோசனை நல்லது, தொடக்கத்தில் வண்டலும் சேர்ந்தது. ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் அந்தப் பகுதியே வேகமாகத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. தாழும் நிலத்தில் எந்த முறையும் திணறும். இப்படிப்பட்ட இடத்தில் காட்டை மீட்கும் முன் கிணறுகளைப் பற்றிப் பேச வேண்டும்.

நடவுக்கும் சரியான தருணங்கள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் தாய்மரமே இல்லாமல் போயிருந்தால், அல்லது அரிய இனம் ஒன்று அந்தக் காட்டிலிருந்து மறைந்திருந்தால், தண்ணீரைச் சரிசெய்த பிறகு நடலாம். வரிசையில் அது இரண்டாவதாக வர வேண்டும். கைவிடப்பட்ட இறால் குளங்களை விட்டுக்கொடுக்க உரிமையாளர்களோடு பேசி, இழப்பீடு கொடுத்து, வரப்பை உடைப்பது புகைப்படத்தில் அழகாக வராது. ஆனால் அலையாத்தி இருந்த மண் அதுதான்.

வெறும் சேறு என்று எதுவும் இல்லை

நடவு தோற்றால் பணம் வீண். ஜெயித்தால் என்ன நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். சேற்றுவெளியில் நட்ட கன்றுகள் பிழைத்துக் காடானால், ஒரு சேற்றுவெளி போய்விட்டது என்று பொருள்.

மரமில்லாத சேற்றைத் தரிசு என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கான புழுக்களும் சிறு மட்டிகளும் வாழும் இடம் அது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் கரைப்பறவைகள் அதை நம்பித்தான் பறக்கின்றன. பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம்பறவை ஒன்று 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. இந்த இனம் வடக்கே திரும்பிப் போகும்போது இறங்கி இரை தேடுவது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில். தென்கொரியாவின் சேமாங்கெம் பகுதியில் 2006-ல் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் மூடப்பட்ட பிறகு, அங்கே பெருங்கூட்டமாக வந்துகொண்டிருந்த கிரேட் நாட் என்ற உள்ளான் இனம் அடியோடு சரிந்தது. அது இன்று அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் போதிய தரவு உள்ள பகுதிகளை வைத்துப் பார்த்தால், 1984-க்கும் 2016-க்கும் இடையில் உலகச் சேற்றுவெளிகளில் 16 சதவீதம் போய்விட்டது.

கார்பனும் உயிர்வளமும் நேருக்கு நேர் மோதிய இடம் சீனக் கடற்கரை. வட அமெரிக்காவின் ஸ்பார்ட்டினா என்ற உவர்ப்புல்லை 1979-ல் கரை அரிப்பைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்தார்கள். அது வேகமாகப் பரவும், வண்டலைப் பிடிக்கும், மண்ணில் கார்பனையும் நன்றாகச் சேர்க்கும். கார்பன் ஒன்றை மட்டும் அளந்தால் மிகச் சிறந்த தாவரம். ஆனால் அது சேற்றுவெளிகளை மூடிப் பறவைகளின் மேய்ச்சலைப் பறித்தது, சொந்த உவர்ப்புற்களையும் அலையாத்தி முளைக்கும் இடங்களையும் பிடித்துக்கொண்டது. 2022-ல் அதை ஒழிப்பதற்கென்றே சீனா ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. கரையைக் காக்க நட்டதைப் பிடுங்க நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாடு செலவு செய்கிறது.

உயிரினங்களுக்காகச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் பருவநிலைக்கும் உதவுகின்றன, பருவநிலைக்காக மட்டும் செய்யும் வேலைகள் உயிரினங்களுக்குக் கேடாக முடியலாம் என்று ஐபிசிசியும் பல்லுயிர் அறிவியல் குழுவான ஐபிபிஈஎஸ்ஸும் 2021-ல் சேர்ந்து நடத்திய பட்டறையின் அறிக்கை சொன்னது. இந்த இரண்டும் மோதும் இடத்தில் என் தேர்வு தெளிவு. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்ததோ அதற்கே முன்னுரிமை. சேற்றுவெளி சேற்றுவெளியாகவே இருக்கட்டும்.

கடல்புல்: கண்ணில் படாத வாய்ப்பு

அலையாத்தியோடு ஒப்பிட்டால் கடல்புல்லுக்குக் கவனமும் பணமும் மிகக் குறைவு. நீருக்கடியில் இருப்பதால் எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற வரைபடம்கூடப் பல கடற்கரைகளில் இல்லை. கடற்பசுவான ஆவுளியாவும் பேராமையும் மேயும் புல் இது. உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகள் பலவற்றின் மீன்கள் இளமையில் இதில்தான் வளர்கின்றன. பதிவான பரப்பில் 29 சதவீதம், கணக்கு வைக்கத் தொடங்கிய 1879-லிருந்து மறைந்துவிட்டதாக 2009-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

மீட்பது கடினம், ஆனால் முடியும். அமெரிக்காவின் வர்ஜீனியாக் கடலோர விரிகுடாக்களில் 1930-களில் நோயும் புயலும் வந்து ஈல்கிராஸ் என்ற கடல்புல் முற்றாக மறைந்தது. விதை வந்து சேர வழியில்லாததால் எழுபது ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. 1999-லிருந்து 7 கோடிக்கும் அதிகமான விதைகளைத் தூவினார்கள். விதைத்தது 213 ஹெக்டேரில்தான். 2018-க்குள் புல் தானாகவே 3,600 ஹெக்டேருக்குப் பரவியது. நீர் தெளிந்தது, மீன் கூடியது, மண்ணில் கார்பன் சேரத் தொடங்கியது, காணாமல் போயிருந்த விசிறிச் சிப்பியையும் கொண்டுவந்து விட்டார்கள். கடல்புல் மீட்பில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இது பலித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அங்கே தண்ணீர் சுத்தமாக இருந்தது, விதை மட்டும்தான் குறை. பெரும்பாலான இடங்களில் நிலைமை தலைகீழ். சாக்கடையும் உரமும் கலந்து பாசி பெருகி நீர் கலங்கிவிடும். வெளிச்சம் அடிவரை போகாது, புல் சாகும். அங்கே எத்தனை கோடி விதை தூவினாலும் பயனில்லை. ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் நைட்ரஜன் வரத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் குறைத்தார்கள். 2014 வாக்கில் கடல்புல் ஏறத்தாழ 1950-களின் அளவுக்குத் திரும்பி வந்தது. அதன்பின் மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆகவே வேலை முடிந்துவிடவில்லை. உங்கள் கடற்கரையில் நீர் கலங்கியிருந்தால், கடல்புல்லுக்காகச் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு ஒரு நல்ல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். இதற்குக் கார்பன் கிரெடிட் கிடைப்பது கடினம். ஆனால் குளிக்கும் நீர், மீன், பவளம் எல்லாவற்றுக்கும் அதனால் நன்மை.

நிலத்தைக் கடலிடம் கொடுப்பது

குளிர் நாடுகளில் அலையாத்திக்குப் பதில் உவர்ச் சதுப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கரைகட்டி வயலாக்கிய இடங்களில், கரையை உடைத்துக் கடலை உள்ளே விடும் திட்டங்கள் நடந்துவருகின்றன. இங்கிலாந்தில் மெட்மெரியில் 2013-லும் ஸ்டியர்ட்டில் 2014-லும் இப்படிச் செய்தார்கள். ஸ்டியர்ட்டில் கட்டுமான வேலைகளால் வெளியான கார்பனைவிட அதிகமான கார்பன் நான்கு ஆண்டுகளுக்குள் மண்ணில் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு பகுதி வேறிடத்திலிருந்து வண்டலோடு வந்தது என்பதால் முழுதையும் லாபமாக எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் பறவைகளும் மீன்களும் உடனே வந்தன. உள்ளே தள்ளிக் கட்டிய புதுக்கரைக்கு முன்னால் சதுப்பு அலையை வாங்கிக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் மீத்தேன். கடல்நீரில் உள்ள சல்பேட், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கிவைக்கும். உப்பு ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் இருந்தால் மீத்தேன் மிகக் குறைவு. கரைகட்டி நன்னீர் தேங்கிய சதுப்பு மீத்தேனைக் கக்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு மதகைத் திறந்து உப்புநீரை விடுவதே உமிழ்வைக் குறைக்கும், புதிதாக ஒரு செடிகூட வளர வேண்டியதில்லை.

வேறு காரணத்துக்காகவும் இந்த வழியை நான் உயர்வாக மதிக்கிறேன். கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. அது 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்தியால் மண்ணைச் சேர்த்து ஈடுகொடுக்க முடியாது என்று 2020-ல் வந்த ஆய்வு, பழைய படிவங்களை வைத்துச் சொன்னது. ஈடுகொடுக்க முடியாதபோது காடும் சதுப்பும் நிலத்தின் பக்கம் நகரும். பின்னால் சுவரோ சாலையோ இருந்தால் நகர இடமின்றி மூழ்கும். ஆக, இன்று காக்கும் காட்டுக்குப் பின்னால் காலி இடம் விட்டுவைப்பதும் காவலின் ஒரு பகுதிதான். நிலம் விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிதில்லை. கட்டடம் எழுந்த பிறகு விலை பல மடங்காகும் என்பதால் இந்தப் பேச்சை முதலிலேயே தொடங்குவது நல்லது.

மற்றவை

பவளத்திட்டுகளையும் சிப்பிப் படுகைகளையும் கார்பன் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுண்ணாம்பு ஓடு உருவாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகத்தான் செய்கிறது. ஆனால் கடலடியில் மிகச் சிறு பரப்பில் கடல் இனங்களில் கால்பங்குக்கு இடம் தருவது பவளம். அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதற்காகவே அதைக் காக்கலாம், கார்பன் சாக்கு தேவையில்லை.

கெல்ப் என்ற பெருங்கடற்பாசிக் காடுகள் பாறைமேல் வளர்பவை. அவற்றின் அடியில் கார்பன் புதைய மண் இல்லை. கிழிந்த பாசி ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்ந்தால் கார்பன் தங்கும், எவ்வளவு போகிறது என்று ஒரு குறிப்பிட்ட காட்டுக்குக் கணக்குச் சொல்வது இன்றும் கடினம். வடக்குக் கலிஃபோர்னியாவில் நட்சத்திரமீன் நோய், வெப்ப அலை, பெருகிய கடல்முள்ளெலிகள் என்று எல்லாம் சேர்ந்து 2014-க்குப் பின் சில ஆண்டுகளில் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. மீட்பது உயிர்வளத்துக்கு நல்லது, அதை வைத்துக் கிரெடிட் விற்பது இப்போதைக்கு அவசரம்.

ஆக, எப்படித் தேர்வு செய்வது

உங்கள் கடற்கரையில் நல்ல காடோ கடல்புல்லோ இருந்தால், பணத்தில் பெரும்பங்கை அதைக் காப்பதிலும், அதை நம்பி வாழ்பவர்களின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்வதிலும், பின்னால் இடம் விடுவதிலும் போடுங்கள். அழிந்த காடு இருந்தால், நாற்றங்கால் போடும் முன் ஒரு முழு ஆண்டு ஓதம் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அங்கே நெடுங்காலம் மீன் பிடிப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்களிடம் கேட்டுவிட்டு அளப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். திறந்த சேறு மட்டும் இருந்தால், முதலில் பறவை ஆய்வாளர் ஒருவரை வலசைக் காலத்தில் அழைத்து வாருங்கள். கலங்கிய விரிகுடா என்றால் கழிவுநீரில் தொடங்குங்கள்.

நிதி ஒப்பந்தம் எழுதும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையை வைத்துப் பணம் பிரித்துக் கொடுத்தால், நடவு எளிதான இடத்தில்தான் நடக்கும், சரியான இடத்தில் நடக்காது. அதற்குப் பதிலாக ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் எத்தனை ஹெக்டேர் உயிரோடு இருக்கிறது, எத்தனை இனங்கள் தாமாக முளைத்திருக்கின்றன, மீனும் நண்டும் பறவையும் தொடக்கத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கின்றன என்பதை அளந்து, அதற்கேற்பப் பணத்தை விடுவிக்கும்படி கேளுங்கள். அந்தத் தொடக்கக் கணக்கை எடுக்கவும், பத்தாம் ஆண்டு வரை அளப்பவருக்குச் சம்பளம் கொடுக்கவும் முதல் நாளிலேயே தொகை ஒதுக்க வேண்டும்.